கடல் தாண்டினாலும் கோத்தகிரி நம்பர்

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எல்லாமே எண்ணிக்கைதான். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். காகிதத்தில் இப்படிப் பிரிக்கலாம். குடும்பங்களில் அக்கா இலங்கையின் அட்டனில், தங்கை நீலகிரியின் கோத்தகிரியில் என்று ஆனது.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். வனத்துறை 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் இவர்களுக்கு வேலையும் வீடும் தந்தது. அதுதான் 1976-ல் டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. கப்பல் 1984-ல் நின்றுபோனது. அதன்பிறகு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே இருந்தவை நீல நிற ஏர்மெயில் கடிதமும், சாவுச் செய்திக்குத் தந்தியும், தபாலாபீசில் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கும் டிரங்க் காலும்தான். பின்னால் எஸ்.டி.டி. பூத் வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அழுது முடித்தவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் உண்டு.

இப்போது போக்குவரத்து மறுபடி திறந்திருக்கிறது. திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பூப்பு நீராட்டு, கல்யாணம், கருமாதி என்று இந்த மலைக்கும் அந்த மலைக்கும் ஆட்கள் போய் வருகிறார்கள். போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். போனை மட்டும் அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேசக் காசு கிடையாது. அந்தப் பழக்கத்திலேயே கொழும்பிலும் எடுக்கிறோம். வெளிநாட்டு ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். ரோமிங் பேக் எதுவும் போடாமல் போனால் ஒரு நிமிடத்துக்கே பத்துக்கணக்கான ரூபாய் போய்விடும். எடுத்தவுடன், “நான் சிலோன்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்று சொல்லி வைத்தாலும் ஒரு நிமிடக் கணக்கு ஏறிவிடும். டேட்டா ரோமிங் அணைக்கப்படாமல் இருந்தால், பேசவே வேண்டாம். பையில் கிடக்கிற போன் தானாகவே அப்டேட் இறக்கிக் காசைக் கரைக்கும். அவ்வளவு ஏன், தனுஷ்கோடி முனைக்குச் சுற்றுலா போனவர்களின் போனிலேயே இலங்கை நெட்வொர்க் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி வந்திருக்கிறது.

இதற்கான மாற்று நம் போனுக்குள்ளேயே இருக்கிறது. பெயர் வை-ஃபை காலிங். வெளியூர்ப் பயணிகளைவிட நீலகிரிக்காரர்களுக்கு இது நன்றாகவே அறிமுகமானது, ஆனால் வேறு காரணத்துக்காக. இந்த மலையில் டவர் ஒரு மேட்டில் இருக்கும், வீடுகள் அடுத்த மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும். வாசலில் நின்றால் இரண்டு கோடு சிக்னல், சமையலறைக்குள் போனால் ஒன்றும் இல்லை. மழைமூட்டம் இறங்கினால் வாசலிலும் இல்லை. கீழ் கோத்தகிரிப் பக்கமும் பந்தலூர்ப் பக்கமும் போன் பேசுவதற்கென்றே ஒரு பாறை, ஒரு வளைவு என்று இடம் வைத்திருக்கிற ஊர்கள் உண்டு. கேபிள்காரர் மூலமாகவோ பி.எஸ்.என்.எல். ஃபைபர் மூலமாகவோ வீட்டுக்கு இன்டர்நெட் வந்த பிறகு, அந்த இன்டர்நெட்டையே டவராக்கிக்கொண்டு பலரும் பேசுகிறார்கள்.

நடப்பது இதுதான். போன் டவரைத் தேடாமல், கையில் கிடைத்த வை-ஃபை வழியாக நம் சிம் நிறுவனத்தின் வாசலுக்கே, யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டிய ஒரு தனிப்பாதையைப் போடுகிறது. அங்கே சிம் தன்னை அடையாளம் காட்டுகிறது. பிறகு வழக்கமான எண்ணிலிருந்து வழக்கமான அழைப்பு. தனி ஆப் வேண்டாம். எதிர்முனையில் இருப்பவருக்கு இன்டர்நெட்டோ பெரிய போனோ தேவையில்லை. ஒரு நிமிடப் பேச்சுக்குச் சுமார் ஒரு எம்.பி.தான் செலவாகும்.

அமெரிக்காவில் டி-மொபைல் 2007-லேயே இதைத் தொடங்கியது. ஐபோனில் 2014-ல் வந்தது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரில் டெல்லியில் ஆரம்பித்து மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுவந்தது. ஜியோ 2020 ஜனவரி 8-ல் அறிவித்தது. மலைக்காட்டு ஊர்களில் அதிகம் புழங்கும் பி.எஸ்.என்.எல்., 2026 தொடக்கத்தில்தான் நாடு முழுக்க இதைத் திறந்தது. ஆனால் பாதையை முதலில் வெட்டியதும் பி.எஸ்.என்.எல்.தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2018 ஜூலையில் அது கொண்டுவந்த ‘விங்ஸ்’ திட்டத்தில் ஆண்டுக்கு 1,099 ரூபாயும் வரியும் கட்டினால் ஒரு பத்து இலக்க இந்திய எண் கிடைத்தது. இன்டர்நெட் இருக்கிற இடத்திலிருந்தெல்லாம் ஆப் மூலம் இந்திய போன்களுக்குப் பேசலாம். வெளிநாட்டிலிருந்தும் பேசலாம் என்பதைச் சொல்லித்தான் அதை அறிவித்தார்கள். நல்ல யோசனை. மக்களிடம் போய்ச் சேரவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். அதில் பேச்சு 2015-லும் வீடியோ 2016-லும் வந்தன. இரு பக்கமும் ஸ்மார்ட்போன் இருந்தால் அதுவே போதும், வேறு எதையும் தேட வேண்டாம். ஆனால் டான்டீ லைன் வீடுகளில் எழுபது வயதைத் தாண்டியவர்களின் கையில் இருப்பது பட்டன் போன். சேலை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். இரண்டை அழுத்தினால் மகன், மூன்றை அழுத்தினால் பேரன், அவ்வளவுதான் அந்தப் போன்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு குடியிருப்பில் அப்படி ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. சிறுமியாகக் கப்பலில் வந்தவர் அவர். இலங்கையின் மஸ்கெலியாவில் நடக்கும் கல்யாணத்துக்குப் பேரன் போயிருந்தான். “எங்கடா இருக்க? கீழ பஸ் ஸ்டாண்டு வந்துட்டியா?” என்றார். “மஸ்கெலியால அப்பாயி. பெரிய அப்பாயி வீட்டு வை-ஃபையில பேசுறேன்” என்றான் பேரன். போன் கைமாறியது. ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்கும்படி அந்தப் பக்கத்துக் கிழவியின் குரல்: “ஏய் சின்னவளே, இன்னும் வெத்தல போடுறியாடி?” அதற்கப்புறம் முக்கால் மணி நேரம். யார் வீட்டில் கூரை ஒழுகுகிறது, யாருக்குச் சர்க்கரை, எந்த டிவிஷனில் கொழுந்து குறைந்துவிட்டது. பேரனின் பேக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இந்த முக்கால் மணி நேரத்தை ரோமிங்கில் பேசியிருந்தால் ஒரு வாரக் கூலிக்கு மேல் போயிருக்கும். அவசரமில்லாமல் பேசும் பேச்சு இந்தக் குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறையாகக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பையன் செய்த முன்னேற்பாட்டை எல்லாரும் செய்யலாம். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் வை-ஃபை காலிங்கை ஆன் செய்தான். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வை-ஃபையை மட்டும் திறந்து, பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தான். அழைப்பு போனால் போனும் சிம்மும் தயார் என்று அர்த்தம். ஏரோபிளேன் மோடுதான் இதில் உயிர்நாடி. அதைப் போடாமல் விட்டால், ரோமிங் திறந்திருக்கிற போன் அந்த நாட்டு டவரோடு ஒட்டிக்கொள்ளும். வை-ஃபை கொஞ்சம் தளர்ந்தாலும் பேச்சு சத்தமில்லாமல் டவருக்குத் தாவலாம், பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. கொழும்பு விமான நிலையத்தில் இறங்கியதும் மோடை எடுத்துவிடுவது கைப்பழக்கம். அந்தக் கையைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் பலருக்கும் தெரிவதில்லை. வை-ஃபையில் பேசும்போது, பொதுவாக நம் சிம் சொந்த ஊரில் இருக்கிற மாதிரியே கணக்கு. அதனால் மஸ்கெலியாவிலிருந்து கோத்தகிரிக்குப் பேசினால் உள்ளூர்ப் பேச்சு. அதே சிம்மிலிருந்து பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பாவின் இலங்கை எண்ணைக் கூப்பிட்டால் ஐ.எஸ்.டி.! அங்கே இருப்பவர்களிடம் பேச வாட்ஸ்அப்பையோ அந்த நாட்டு சிம்மையோதான் பயன்படுத்த வேண்டும். போனில் இரண்டு சிம் போட இடம் இருந்தால் டயலாக் அல்லது மொபிடெல் சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. அப்போது ஏரோபிளேன் மோடுக்குப் பதிலாக, நம் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டுமல்லாமல் ரோமிங் சேவையையே நிறுத்தி வைக்கலாம்.

பேங்க் ஓ.டி.பி.தான் சங்கடம். சில நிறுவனங்களில் வை-ஃபை வழியாகவே எஸ்.எம்.எஸ். வந்து விழும், சிலவற்றில் வராது. வராதவர்கள் கிளம்பும் முன்பே ரோமிங் சேவையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் ஐந்து நிமிடத்துக்கு ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்த நிலையில், வருகிற அழைப்பை எடுக்காமல் காத்திருக்கலாம். வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருப்பதில்லை.

கூடலூர், பந்தலூரிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் கதை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சு முடக்கப்பட்டிருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற ஆப்களில்தான் பேசுகிறார்கள். இலங்கையில் அந்தத் தடை இல்லை. இரு நாட்டுக் கடிகாரமும் 2006 முதல் ஒன்றே என்பதால், ஒருவரை எழுப்பிப் பேச வேண்டிய நிலையும் இல்லை.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. கரண்ட் போனால் மோடம் போகும், மோடம் போனால் பேச்சு போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையின் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளைச் சரித்தபோது எந்த வழியும் உதவவில்லை. சொந்தங்களின் பெயர் எந்தப் பட்டியலில் வருமோ என்று இங்கே காத்துக்கிடந்தார்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி மண்சரிவுகளின்போது அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் இதே மாதிரிதான் தவித்திருப்பார்கள். அவசரத்துக்கு டவர்தான், அதனால் உள்ளூர் சிம் ஒன்று கையில் இருக்கத்தான் வேண்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பொது இடத்து வை-ஃபையை நம்பி அவர்களை விட்டுவிடக் கூடாது. ரயில் நிலையத்து இலவச வை-ஃபைக்குள் நுழைய இந்திய எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். இலங்கை எண்ணை வைத்துக்கொண்டு குன்னூர் பிளாட்பாரத்தில் நிற்பவர் என்ன செய்வார்? மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துவரப் போகிறவரே தன் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துகொடுத்து, வந்து சேர்ந்த செய்தியை அவர்கள் வீட்டுக்குச் சொல்ல வைக்கலாம்.

மனதை உறுத்துவது நிறுவனங்களின் மௌனம். வெளிநாட்டு வை-ஃபையில் இந்திய சிம்மைப் பயன்படுத்தினால் என்ன கணக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், பேக்குக்கு பேக், நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சிலர் அனுமதிப்பதே இல்லை, சிலர் தனிக் கட்டணம் வைக்கிறார்கள். அதைத் தமிழில் ஒரே வரியில் எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்? ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டது. அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்தும் இருக்கிறது. நமக்கும் இலங்கைக்கும் நடுவே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு இருப்பது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடல். குடும்பங்களைப் பிரிக்க இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட முடிந்தபோது, அந்தக் குடும்பங்கள் பேசிக்கொள்ளவும் ஓர் ஒப்பந்தம் போட முடியும். முதலில் பி.எஸ்.என்.எல். முன்வரலாம். அரசு நிறுவனம், இந்த மலையில் வாடிக்கையாளர்களும் அதற்கு உண்டு.

அதுவரை, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இலங்கையில் வை-ஃபை காலிங் என் சிம்மில் வேலை செய்யுமா, செய்தால் இந்தியாவுக்குப் பேச என்ன கணக்கு, வருகிற அழைப்புக்குக் காசு உண்டா. வாயால் சொல்வதோடு விடாமல் எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பச் சொல்லுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வை-ஃபை காலிங்கை நம்பாமல், இங்கே இருக்கிற பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பிள்ளை யாரிடமாவது சொல்லி வையுங்கள், தினமும் சாயங்காலம் இலை எடை முடிந்த பிறகு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வரும், எடுத்துப் பாட்டி கையில் கொடு என்று.