உங்களுக்குத் தெரியுமா? ஊட்டியில் இப்போது யார் ராஜா?

ஒரு காலத்தில் ஒரே ஆளுக்கு ஊட்டியில் இரண்டு மாளிகைகள்! ஒன்று அப்பா வழியில் வந்தது. இன்னொன்று குடியரசுத் தலைவரின் கையெழுத்தால் வந்தது! அவர்தான் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். ஃபெர்ன்ஹில் அரண்மனை குடும்பச் சொத்து. 1964 முதல் 1966 வரை அவரே சென்னை மாநில ஆளுநர். ஆகவே ஊட்டி ராஜ்பவனும் அவருக்கே! எந்த மாளிகையோடு பதவி வந்தது தெரியுமா? பரம்பரை மாளிகையோடு அல்ல, இரண்டாவதோடுதான்!

அவர் மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் வீதி வீதியாக ஓட்டுக் கேட்டார். மைசூரில் 4 முறை எம்.பி.! 2015-இல் பட்டம் சூட்டிக்கொண்ட யதுவீர் உடையாரும் 2024-இல் ஓட்டு வாங்கித்தான் மக்களவைக்குள் நுழைந்தார்!

நாட்டுக்கு ராஜா வேண்டுமா, குடியரசு போதுமா? உலகில் இன்னும் பட்டிமன்றம் ஓயவில்லை. நீலகிரியைச் சுற்றி வந்தால் சந்தேகமே வராது. என் ஓட்டு குடியரசுக்கு!

ஜோத்பூர் மகாராஜாவின் ஆரன்மோர் மாளிகை இன்று என்ன தெரியுமா? 'தமிழகம்' அரசு விருந்தினர் மாளிகை! ஊட்டிக்கு வரும் முதலமைச்சர் தங்குவது அங்கேதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாம் ஓட்டுப் போட்டு ஆளை மாற்றலாம். ஜோத்பூர் ராஜாவை அப்படி மாற்ற முடிந்திருக்குமா?

மைசூர், பரோடா, ஹைதராபாத், ஜோத்பூர். அத்தனை பேருக்கும் ஊட்டியில் வீடு இருந்தது! ஆனால் நீலகிரியில் பிறந்த ராஜா ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்!

1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களை நடுங்க வைத்தானாம்! ஹொய்சளர் போய்விட்டார்கள். விஜயநகரம் போய்விட்டது. திப்பு போனார். வெள்ளைக்காரனும் போய்விட்டான். தோடர்கள் இன்றும் மந்து எனும் தங்கள் குடியிருப்புகளில் எருமை வளர்க்கிறார்கள். 900 வருடம்!

ஆகஸ்ட் 15, 1947. சுதந்திரம் வந்தாச்சு, ராஜா போயாச்சு என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் அதற்குப் பிறகும் நமக்கு மன்னர். 1950 ஜனவரி 26 விடிந்த பிறகுதான் அவர் இறங்கினார். சுதந்திர இந்தியாவுக்கு மன்னர் இருந்த நாட்கள் எத்தனை? 895!

ராஜ்யத்தை விட்டுக்கொடுத்த ராஜாக்களுக்கு அரசு தந்த மன்னர் மானியம் கேள்விப்பட்டிருப்பீர்கள். மைசூர் மகாராஜாவுக்கு வருடத்துக்கு 26 லட்சம் ரூபாய்! சௌராஷ்டிரத்தில் கடோடியா என்று ஒரு குட்டி சமஸ்தானம். அந்த ராஜாவுக்கு எவ்வளவு? வருடத்துக்கு 192 ரூபாய். மாதம் 16 ரூபாய்!

அந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா 1970-இல் மாநிலங்களவையில் தோற்றது. எத்தனை ஓட்டில்? ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவைப்பட்டது 149.33. ஒரு முழு ஓட்டில்கூட இல்லை, ஓட்டில் மூன்றில் ஒரு பங்கில்! உடனே அரசு உத்தரவு போட்டு மன்னர்களின் அங்கீகாரத்தைப் பறித்தது. மூன்றே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ராஜாக்களுக்கும் நியாயம் கிடைத்தது பாருங்கள், இதனால்தான் எனக்குக் குடியரசைப் பிடிக்கும்! 1971 டிசம்பரில் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மானியமும் பட்டமும் ஒரே வீச்சில் காலி!

ஒரே ஒரு பட்டம் மட்டும் தப்பியது! அதற்கு முன்னால் கோத்தகிரிக்கு வாருங்கள். 1855-இல் அங்கே வந்து தங்கிய கவர்னர் ஜெனரல் யார்? டல்ஹௌசி! வாரிசு இல்லை என்று சொல்லி சதாராவையும் நாகபுரியையும் ஜான்சியையும் விழுங்கிய அதே டல்ஹௌசி! அந்த வருடம் அக்டோபர் மாதத்தில் மட்டும் ஆற்காடு நவாபும் தஞ்சை மன்னரும் ஆண் வாரிசின்றி இறந்தார்கள். இரண்டு பட்டத்தையும் கும்பினி ஒழித்தது. பிறகு 1867-இல் விக்டோரியா ராணி நவாப் குடும்பத்துக்கு 'ஆற்காடு இளவரசர்' என்று புதுப் பட்டம் கொடுத்தார். அந்தப் பட்டத்தைக் குடியரசு இந்தியா இன்றும் ஏற்கிறது! சென்னை ராயப்பேட்டை அமீர் மஹாலில் இன்றும் இளவரசர் இருக்கிறார்!

இனி தேயிலைத் தோட்டத்துக்குள் போவோம். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆனால் 1972 மே 22 வரை அங்கே பிரிட்டிஷ் முடிதான்! அந்த முடியின் கீழ்தான் 1948 குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களை லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க ஒத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? 5,25,000! அவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் நம் டான்டீ! நீங்கள் குடிக்கும் டான்டீ டீத்தூளுக்குப் பின்னால் ஒரு மகாராணியும் இரண்டு பிரதமர்களும் நிற்கிறார்கள்!

ஆங்கில மன்னரின் குடிமகனாகப் பிறந்து, நாடே இல்லாதவராக வளர்ந்து, கூடலூரில் குடியரசின் வாக்காளராக ஆனவர்கள் அவர்கள். ஒரே ஆயுளில் மூன்றும்!

அதே இலங்கையில், கண்டியின் கடைசி மன்னர் எங்கே இறந்தார்? கண்டியில் இல்லை. நம் வேலூரில்! ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், 1832!

தமிழர்கள் வாழும் மற்ற நாடுகளையும் பாருங்கள். மொரீஷியஸ் 1992-இல் குடியரசானது. கடைசி கவர்னர் ஜெனரல், முதல் குடியரசுத் தலைவர், இரண்டுமே ஒருவர்தான். வீராசாமி ரிங்காடு. தமிழ் வம்சாவளி!

மலேசியத் தமிழர்களின் மன்னர் 5 வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார். 9 மாநில அரசர்கள் சுழற்சி முறையில்!

நேபாளம் 2008-இல் மன்னரை இறக்கியது. ஆதரவு 560, எதிர்ப்பு வெறும் 4! ஆஸ்திரேலியா 1999-இல் மக்களிடமே கேட்டது. சுமார் 55 சதவீதம் பேர் குடியரசு வேண்டாம் என்றார்கள்! பிரிட்டனின் சார்லஸ் இன்றும் 15 நாடுகளுக்கு மன்னர். ஜனங்கள் விரும்பி வைத்துக்கொண்டால் அது அவர்கள் உரிமை. கேட்காமல் வைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது!

நீலகிரிக்குத் திரும்புவோம். 1962-இல் இந்தத் தொகுதி யாரை டெல்லிக்கு அனுப்பியது? படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி அக்கம்மா தேவியை! அரண்மனையில் பிறக்காமலே!

கடைசியாகக் கூடலூர். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கையில் இங்கே இருந்த ஜென்ம நிலம் (பரம்பரை உரிமை நிலம்) சுமார் 80,000 ஏக்கர்! 1969-இல் தமிழக அரசு ஜென்ம ஒழிப்புச் சட்டம் போட்டது. வழக்கு நீண்டு நீண்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் முன்னால் போய் நின்றது. அதுதான் 2007-இல் தீர்ப்பான புகழ்பெற்ற கொயலோ வழக்கு! அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஒளித்து வைத்தாலும், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அதில் சேர்த்த சட்டங்களை நீதிமன்றம் சோதிக்கலாம் என்று நாடு முழுக்கப் பாடம் சொன்ன வழக்கு. பிறந்த இடம் நம் கூடலூர் எஸ்டேட்!

ஆனால் கூடலூரில் யாரையாவது நிறுத்தி, அந்த 1969 சட்டத்தின் 'பிரிவு 17 நிலம்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். ஜென்மி போய்விட்டார், பட்டா வரவில்லை. மின் இணைப்புக்காக அலைந்து ஓய்ந்தவர்கள் அங்கே ஏராளம். சட்டம் போட்டு எத்தனை வருடம்? 50-ஐத் தாண்டிவிட்டது!