புத்தாண்டு முடிந்தால் குப்பைக்கா?

சீனப் புத்தாண்டு முடிந்ததும் எங்கள் புளோக்கின் கீழே கலமன்சித் தொட்டிகள் குப்பை வண்டிக்குக் காத்திருக்கும். மீ சியாம் தட்டில் பாதியாக வெட்டி வைப்பார்களே, அதே குட்டி எலுமிச்சைதான். செல்வம் பெருக வாங்கிய மரத்துக்கு 15 நாள்தான் மதிப்பு!

பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அலங்காரச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கலாம் என்பதால் இருந்த பழங்களைச் சாப்பிடாமல் பறித்துப் போட்டேன். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இருந்தால் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும்.

தளிர் விட்டதும் பறவை எச்சம்போலப் புழுக்கள் ஒட்டியிருந்தன. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், வளர்ந்தால் பச்சையாகிவிடும். “மருந்தடி” என்றார் அம்மா. நான்கைந்து சேர்ந்தால் சிறு செடியை மொட்டையடித்துவிடும் என்பது உண்மைதான். ஒரு கிளையை வலையால் மூடி, புழுக்களை அதற்குள் விட்டேன். மற்ற கிளைகளில் இப்போது வெள்ளைப் பூக்கள்.