விமானத்துக்குப் பல் பார்த்தல்

வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில், மாரியம்மன் தேர்த் திருவிழாவையொட்டிச் சித்திரை மாதத்தில் காங்கேயம் மாட்டுச் சந்தை கூடுவது வழக்கம். அங்கே காளையின் நிறத்தைக் கண்டு மயங்கி எவரும் பணமுடிப்பை அவிழ்ப்பதில்லை. பல்லைப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள்.

சொந்தமாக ஆகாய விமானம் வாங்க விரும்பும் தனவந்தர்களுக்கும் நாம் சொல்லக்கூடிய யோசனை இதுவே. 1955-ல் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 என்னும் நால்வர் அமரும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வகையில் 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருப்பதால், உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் மறுபடி விற்பதும் எளிது. ஆனால் பிற்காலத்தியவற்றில் உள்ள லைக்கமிங் யந்திரத்தை, சுமார் 2,000 மணி ஓட்டத்துக்குப் பின் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. ஆகவே 1,900 மணி ஓடிய விமானம் மலிவாகக் கிடைத்தால் அது மலிவன்று. பெருஞ்செலவு வாசலிலேயே நிற்கிறது.

காளைக்குப் பல் எப்படியோ, விமானத்துக்கு ஓட்டக் கணக்குப் புத்தகம் அப்படி. அது காணாமற்போனால் விலையும் விழுந்துவிடும். கட்டிப் போட்ட மாடும் தீனி தின்னும். பறக்காத விமானத்துக்கும் கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், பரிசோதனைச் செலவு உண்டு. இவற்றையெல்லாம் கேட்ட விலையோடு கூட்டி, பிற்பாடு விற்றால் வரக்கூடியதைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சும் தொகையே பறப்பதற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை.