நாளுக்கு ஒரு பதுமை

ஜனவரி பிறந்தால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதிலிருந்து, காலடிப்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமலே நந்தனத்தில் இறங்கிக்கொள்ளலாம். திரும்பி வருபவர்களின் பைகளில் தலையணை கனத்தில் மாயாஜால நாவல்கள். கூடவே ஒரு சபதம்: இந்த வருஷம் ஐம்பது புத்தகம்!

பங்குனி வெயில் ஏறும்போது பலருக்கு அந்தச் சபதம் பாரமாகிவிடுகிறது. எண்ணிக்கையை எட்டிப்பிடிக்க நடுநிசி தாண்டிக் கண்விழிப்பவர்களும் உண்டு. இளைப்பாறத் தொடங்கிய பழக்கம் தூக்கத்தைத் தின்னக் கூடாது.

கொண்டித்தோப்பின் பெரிய எழுத்து

டிராகனும் மந்திரக்கோலும் வெளியூர்ச் சரக்கு, நமக்கு எதற்கு என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் ராயபுரத்தை அடுத்த கொண்டித்தோப்பிலிருந்துதான் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை'யை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது. கூடுவிட்டுக் கூடு பாய்வதும் வேதாளம் முருங்கை மரம் ஏறுவதும் வடசென்னை அச்சகங்களின் மை மணத்தோடு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தவை. பிறகு 1947 ஜூலையில் அம்புலிமாமா சிறுவர் இதழ் வந்தது.

அந்தப் பெரிய எழுத்தை மருத்துவ நோக்கிலும் நான் மெச்சுகிறேன். நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு அருகில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும். கண்ணின் லென்ஸ் இறுகிப்போய், அருகில் உள்ளதைக் குவித்துக் காட்ட முடியாமல் திணறும். பொடி எழுத்தை முறைத்துப் படித்தால் தலைவலிதான் மிச்சம். பெரிய எழுத்துப் புத்தகம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒன்றாக உதவியது.

அந்தக் கதையின் அமைப்பிலேயே நல்ல வாசிப்பு அளவு ஒன்று ஒளிந்திருக்கிறது. விக்கிரமாதித்தனின் சிம்மாசனத்தில் 32 பதுமைகள். போஜராஜன் ஏற வரும்போதெல்லாம் ஒரு பதுமை தடுத்து நிறுத்திக் கதை சொல்கிறது. சொல்லி முடித்தால் அன்றைய பொழுது போச்சு, அடுத்த பதுமை மறுநாள்.

எதை எண்ணுவது?

வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று வைத்தால் மெல்லிய புத்தகங்களாகத் தேடத் தோன்றும், ரசித்த பக்கத்தை இன்னொரு முறை படிக்க மனம் வராது. நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள். எழுத்தாளர் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசு நாவல் வரிசையை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதினார். 26 நாவல்கள். மொத்தமாகக் காட்டியிருந்தால் மலைத்து ஓடியிருக்கக்கூடியவர்களும் தினம் ஓர் அத்தியாயமாக அவரோடு நடந்துவந்தார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயது தாண்டிய 3,635 பேரின் விவரங்களைப் பன்னிரண்டு ஆண்டு அளவில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். புத்தகம் வாசித்தவர்களின் இறப்பு அபாயம் வாசிக்காதவர்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்தது. வாசிப்புதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அரை மணி நேர வாசிப்புக்கு இது நல்ல தூண்டுதல்.

பழக்கம் படிய எவ்வளவு காலம்? லண்டனில் 96 பேரிடம் நடந்த ஆய்வில் சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது, வேறு சிலருக்கு 254 நாள் வரை பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டமும் இல்லை. விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டியதில்லை.

ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் ஷிப்ட் வாரந்தோறும் மாறும். இரவு ஒன்பதரைக்கு வாசிப்பேன் என்ற திட்டம் அவர்களுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. கடிகாரத்தை விட்டுவிட்டு, தினம் தவறாத ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குளித்துச் சாப்பிட்டு, படுப்பதற்கு முன். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுப்பவர் பத்துப் பக்கத்தோடு நிறுத்தி, ஜன்னலுக்குத் திரை போட்டுத் தூங்கிவிட வேண்டும். அவருக்கு நாவலைவிடத் தூக்கம்தான் முதல் மருந்து.

மாயாஜால நாவல்களில் அத்தியாயம் முடியும் இடம்தான் ஆபத்து. கதவு திறக்கும், வாள் உருவப்படும், அத்தியாயம் முடியும், நீங்களும் அடுத்த பக்கம் புரட்டுவீர்கள். அத்தியாயத்தின் நடுவில், பாத்திரங்கள் சோறு தின்னும் இடத்தில் புத்தகத்தை மூடுங்கள். தூக்கம் தானாக வரும்.

விளக்கு, திரை, கண்

2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு முன் ஒளிரும் திரையில் பல மணி நேரம் வாசித்தவர்களுக்கு மெலடோனின் சுரப்பு தாமதமானது. காகிதப் புத்தகம் வாசித்த இரவுகளைவிடத் தூக்கம் சுமார் பத்து நிமிடம் தள்ளிப்போனது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் படுக்கைக்குக் காகிதப் புத்தகமே நல்லது என்பேன். போனில்தான் கதை இருக்கிறது என்றால் வெளிச்சத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி எதையாவது இருபது நொடி பாருங்கள். கதையில் மூழ்கும்போது கண்ணிமைப்பது குறைந்து கண் வறண்டுபோகும். நடைபாதையில் வாங்கிய கண்ணாடியோடு காலம் தள்ளாமல், நாற்பது வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் முறையாகக் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இலிருந்து இருக்கிறது. குழந்தைகள் வாசிக்கட்டும், தினமும் வெளியில் போய் விளையாடவும் செய்யட்டும். வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு வரும் வாய்ப்பு குறைகிறது.

கதைக்குள்ளேயே தங்கிவிட்டால்

கண்டெய்னர் லாரி இரைச்சலிலிருந்து அரை மணி நேரம் வேறு உலகத்துக்குப் போய்வருவது நல்லதே. திரும்பி வர மனமில்லாமல் சாப்பாட்டையும் வேலையையும் பேச வருபவர்களையும் ஒருவர் ஒதுக்கத் தொடங்கினால் கவனியுங்கள். இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: எப்போதும் விழுந்து விழுந்து வாசித்தவர், இரண்டு வாரமாக எந்தப் புத்தகத்திலும் எந்த வேலையிலும் ஆர்வமில்லாமல், தூக்கமும் கெட்டு இருப்பது. அது மனச்சோர்வாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.