பிள்ளைகளின் கையில் கதையைக் கொடுத்த பெண்மணி

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர்க் கரையோரத்து இல்லங்களில் குடைகள் வெளியே வந்துவிடும். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சிதம்பரத்திலும் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் குடையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பதும், உம்மாமார் கடிந்துகொள்வதும் ஆண்டுதோறும் நடப்பவைதாம். இந்தச் சின்னஞ்சிறு நிகழ்ச்சியே உலகெங்கும் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஒரு படக்கதையாக மலர்ந்திருக்கிறது. அதை எழுதி, அதற்குரிய படங்களையும் தம் கையாலேயே வரைந்தவர், நமக்கு அண்டை நாடான இலங்கையைச் சேர்ந்த சிபில் வெத்தசிங்க என்னும் பெண்மணி.

குடையே இல்லாத ஊர்

அக்கதை இதுதான். குடை என்பதையே கண்டறியாத ஒரு சிற்றூர். மழை பெய்தால் மக்கள் வாழையிலையையும் சேம்பிலையையும் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். அவ்வூரைச் சேர்ந்த கிரி மாமா முதன்முறையாக நகரத்துக்குச் செல்கிறார். அங்கே வண்ண வண்ணக் குடைகளைக் கண்டு வியந்து, ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். வழியில் கடையொன்றில் காப்பி அருந்திவிட்டுப் பார்த்தால் குடையைக் காணோம்! மீண்டும் வாங்குகிறார், மீண்டும் காணாமற் போகிறது. இறுதியில், மடக்கிய குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே தேடிச் சென்றால், ஒரு மரத்தில் எல்லாக் குடைகளும் தொங்குகின்றன!

குடைகளை எடுத்துக்கொண்ட கிரி மாமா, திருடனுக்கென்று ஒன்றை மட்டும் அங்கேயே விட்டுவிடுகிறார். மற்றவற்றைக் கொண்டு ஊரிலேயே குடைக்கடை வைக்கிறார். பிறகுதான் திருடன் யாரென்று தெரியவருகிறது: அது ஒரு குரங்கு!

இக்கதையின் சிங்களப் பெயர் ‘குட ஹொரா’. ‘குட’ என்பது நம் குடைதான். ‘ஹொரா’ என்றால் திருடன்.

கிந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு

1927ஆம் ஆண்டு காலி நகரை அடுத்த கிந்தோட்டையில் சிபில் பிறந்தார். ஆறு வயதளவில் குடும்பத்துடன் கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். ஆயினும் அந்த ஆறாண்டுகளில் கண்ட கிராமம் அவர் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. பின்னாளில் அந்த இளமை நினைவுகளைத் தனி நூலாகவும் எழுதினார்.

சித்திரக் கல்லூரி எதிலும் பயின்று பட்டம் பெற்றவரல்லர் அவர். பதினைந்து வயதிலேயே, ரோயல் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியராயிருந்த எச்.டி. சுகதபால எழுதிய பாடநூலுக்குப் படம் வரையும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. 1948இல் ‘லங்காதீப’ நாளிதழில் சேர்ந்தார். பத்திரிகைத் துறையில் பெண்கள் அரிதாயிருந்த காலம் அது. 1952இல் ‘ஜனதா’ இதழுக்குச் சென்றார். பிறர் எழுதியதற்குப் படம் வரைந்து வந்தவர் தாமே கதை எழுதத் துணிந்தது அங்கேதான். அப்படிப் பிறந்த குடைக் கதை 1956இல் நூலாக வெளிவந்தது. ஜப்பான் உள்ளிட்ட பல நாட்டுப் பிள்ளைகளின் மொழிகளுக்கும் அது சென்றது. அதைத் தொடர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் படைத்தார்.

சந்தேகம் நுழையாத ஊர்

அவர் பிறந்த கிந்தோட்டை சிங்களவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர். 2017ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே வன்செயல் மூண்டு, முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் சேதமுற்றன. அச்செய்தியைப் படித்து வருந்தியவர்கள் இக்கதையையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கிரி மாமா குடையை இழந்தபோது அண்டை வீட்டாரைச் சுட்டிப் பழி கூறவில்லை. பொறுமையுடன் தேடிச் சென்று உண்மையைக் கண்டார். திருடனிடமும் இரக்கம் காட்டினார். வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்படி நம் மார்க்கமும் கற்பிக்கிறது. பெரியவர்கள் மறந்துவிடும் இப்பண்பை, அறிவுரை என்று தோன்றாத வகையில் பிள்ளைகளின் நெஞ்சில் பதிய வைத்தார் அவர்.

முடிவு பிள்ளைகளுடையது

தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கதையொன்றை எழுதி, அதன் முடிவைப் பிள்ளைகளே எழுதி அனுப்பட்டும் என்று விட்டுவிட்டார். 2020இல் அந்நூல் 1,250 வெவ்வேறு முடிவுகளைக் கொண்டதாய் அமைந்து கின்னஸ் சாதனையாயிற்று. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள், தமது 92ஆம் வயதில் அவர் காலமானார்.

சகோதரிகளே! நம் இல்லங்களில் கதைகளுக்குப் பஞ்சமா? கப்பலேறிச் சென்ற முன்னோர், கொள்ளிடத்து வெள்ளம், வீராணம் ஏரி, நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தி ஓடிய மாலைப் பொழுதுகள் என எத்தனையோ செய்திகள் நம் வீட்டு மூதாட்டியரின் நினைவில் உள்ளன. கேட்பார் இல்லையென்றால் அவர்களோடு அவையும் போய்விடும்.

இன்றிரவு கைப்பேசியைச் சற்றே அப்பால் வைத்துவிட்டு, பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு கதையைத் தொடங்குங்கள். ஒரு தாளையும் வண்ணப் பென்சிலையும் கொடுங்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, ‘பிறகு என்ன நடந்திருக்கும்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் முடிவைத் திருத்தாமல், பொறுமையுடன் செவிமடுங்கள்.