கதிர்ப்படப் பயிற்சியும் நோயாளியின் மூச்சும்

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் றொஞ்சன் கண்ட எக்ஸ் கதிருக்கு நெஞ்சறையைக் காட்டக் கணப்பொழுது போதும். அக்கணத்தை ஆளக் கற்கும் மாணவர்க்கோ வைத்தியசாலையில் நெடுநாட் பயிற்சி வேண்டும்.

மார்புப் படத்தையே நோக்குவோம். நோயாளியின் மார்பு தகட்டோடு பொருந்தியிருக்க, கதிர்க்குழாய் ஏறக்குறைய 6 அடி பின்னே நிற்கும். முதுகு தகட்டிற் படுமாறு திருப்பி நிறுத்தின், இதயம் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். இவை நூல்களிலும் உள. மூச்சை நிறைய இழுத்து அடக்குமாறு பிறர்க்கு விளங்கச் சொல்லும் திறனை நூல் தருவதில்லை. கொழும்பிலே, கொட்டாஞ்சேனை மூதாட்டிக்கு அதனைத் தமிழிலும், அவர்க்கு அடுத்து வருபவர்க்குச் சிங்களத்திலும் சொல்ல நேரும். (இருமொழியறிவை அலங்காரமெனக் கருதுவோர் இதனைக் கவனிப்பாராக.) விளங்காது அவர் அசைந்தாற் படம் மங்கும், மீண்டும் கதிர் பாய்ச்ச வேண்டும். பிழை மாணவருடையது, மிகைக்கதிரை ஏற்பதோ நோயாளியின் உடல். ஆதலின், பயிற்சிக் காலத்தில் அனுபவமுள்ளவர் ஒருவர் அருகில் நிற்பது வெறுஞ் சடங்கன்று. பொத்தானை அழுத்துமுன் பிழையைத் தடுப்பதற்கே அவர் நிற்கிறார்.