கடலின் நலம் சொல்லும் சிற்றுயிர்கள்

1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். திருத்தந்தையின் கடற்படைக் கப்பல் ஒன்று மத்தியதரைக் கடலில் நின்றிருந்தது. இயேசு சபைக் குருவும் வானியல் அறிஞருமான ஆஞ்செலோ செக்கி, வெண்ணிற வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கினார். அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். அந்த எளிய சோதனை இன்றும் 'செக்கி தட்டு' என்ற பெயரில் உலகெங்கும் நடைபெறுகிறது.

நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று தட்டு சொல்லும். கலக்கத்துக்குக் காரணம் மண்ணா, உயிரிகளா என்று அது சொல்லாது. எனவே ஆய்வாளர்கள் நீரை எடுத்து அதன் வெப்பம், உப்பு, அதில் கரைந்துள்ள பிராணவாயு, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நல்ல கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிராணவாயு இருக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் பிழைப்பது கடினம்.

ஆனால் நீர்ச்சோதனை அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். நண்பகலில் பாசிகள் பிராணவாயுவை வெளியிடுவதால் அளவு நன்றாகவே தெரியும். இரவில் எல்லா உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்ப்பதால், விடியுமுன் அதே இடத்தில் பஞ்சம் ஏற்படலாம்.

இங்கேதான் மிதவை உயிரிகள், அதாவது பிளாங்டன், நமக்கு உதவுகின்றன. நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் இவற்றுள் நுண்பாசிகள் உண்டு. அவற்றைத் தின்னும் சிறு விலங்குகள் உண்டு. இறால், நண்டு, மீன் இவற்றின் குஞ்சுகளும் உண்டு. மெல்லிய வலையால் அரித்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்து இனம் இனமாக எண்ணுகிறார்கள். நீரில் ஏற்பட்ட மாற்றத்துக்கு இவை சில நாள்களிலேயே ஈடுகொடுக்கும். பல இனங்கள் கலந்து வாழ்ந்தால் பெரும்பாலும் கடல் நலமாக இருக்கிறது என்று பொருள். ஒரே இனம் மட்டும் பெருகி மற்றவை மறைந்தால் அது எச்சரிக்கை.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இதையே கண்டோம். மண்டபம் பகுதியில் கடல் பச்சை நிறமாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நாக்டிலூகா என்ற மிதவை உயிரி பெருகியிருந்தது. பார்வைக்கு அது செழிப்பு; நீருக்குள்ளோ மூச்சுத்திணறல். அது மடிந்து அழுகும்போதும் பிராணவாயு கரைந்துபோகிறது. தீவுகளை ஒட்டிய பவளப்பாறைப் பகுதியில் பிராணவாயு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதை ஆய்வாளர்கள் அளந்தனர். மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் மடிந்தன.

இத்தகைய பெருக்கத்துக்குப் பருவக்காற்றும் நீரோட்டமும் காரணமாகலாம். அவற்றை நாம் தடுக்க முடியாது. ஆனால் கழிவுநீரும் வயல் உரமும் கடலில் சேரும்போது பாசிக்கு நாமே தீனி போடுகிறோம். அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

நிறம் மாறிய கடலை முதலில் காண்பவர் கடலுக்குப் போகும் மீனவரே. கண்ட நாளையும் இடத்தையும் குறித்து மீன்வளத்துறைக்குத் தெரிவிப்போம். செத்து ஒதுங்கிய மீனை உணவுக்கு எடுக்காதிருப்போம். மீன் செத்து மிதந்த பிறகு வருந்துவதைவிட, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் தரும் எச்சரிக்கைக்கு இன்றே செவிசாய்ப்பது நல்லதல்லவா?